பிளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் பி.ஏ. பொருளியல் சேர்ந்துவிட்டேன், வகையிடல் புரிய எங்கிருந்து தொடங்குவது?

தங்கச்சிமடம் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் என்ற குழு. அதனால் கணிதம் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. இப்போது பொருளியலுக்கான கணிதம் என்று ஒரு தாள் இருக்கிறது, அதில் சார்பு, எல்லை, வகையிடல், பெருமம், சிறுமம் எல்லாம் வருகிறது. வகுப்பில் டிஒய் பை டிஎக்ஸ் என்று கரும்பலகையில் வேகமாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். என்னோடு படிக்கிறவர்களில் பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவர்கள் பின்தொடர்கிறார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்கிறோம்.

எக்ஸ் அடுக்கு என் என்றால் அடுக்கில் உள்ள அந்த என் என்ற எண்ணைக் கீழே இறக்கி அடுக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டும், அது மனப்பாடம். ஆனால் சராசரிச் செலவு எப்போது மிகக் குறைவு என்று ஒரு கணக்கு வந்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறேன். இறுதிநிலைச் செலவு என்பது ஒரு அலகு கூடுதலாக உற்பத்தி செய்ய ஆகும் செலவு என்று பள்ளியில் படித்தோம், இங்கே அதை வகைக்கெழு என்கிறார்கள், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்றும் தெரியவில்லை. ஊரில் இதற்கு டியூஷன் இல்லை. வீட்டில் அம்மா கருவாடு போடுகிறார், மாலையில் நானும் கூட இருக்க வேண்டும், படிக்கக் கிடைப்பது பஸ்ஸில் போகிற வருகிற நேரமும் ராத்திரியும்தான். இந்தத் தாளில் வெறுமனே பாஸ் ஆனால் போதும் என்று நான் நினைக்கவில்லை, எம்.ஏ.வும் பொருளியலே படிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.


உச்சிப்புளி ரயிலடி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் நிற்கிற இடத்தை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரியில் பெரும்பாலும் வகையிடல் இருக்காது, ஒன்பதாம் பத்தாம் வகுப்பு இயற்கணிதம்தான் இருக்கும். நான் பி.காம் முடித்துவிட்டு மாலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வணிகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், வருகிறவர்களில் வகையிடல் விதி தெரியாமல் வருகிறவர்கள் குறைவு. 1600 பை எக்ஸ் என்பதை 1600 எக்ஸ் அடுக்கு மைனஸ் ஒன்று என்று மாற்றி எழுதத் தெரியாததால் நிற்கிறவர்கள்தான் அதிகம். அப்படி மாற்றி எழுதிவிட்டால் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த அதே விதி வேலை செய்யும், விடை மைனஸ் 1600 பை எக்ஸ் ஸ்கொயர். வர்க்கமூலம் வந்தால் அதை அடுக்கு அரை என்று எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு மாற்றமும் கை தானாகச் செய்ய வேண்டும், யோசித்துச் செய்யும் நிலையில் இருந்தால் தேர்வில் நேரம் போய்விடும்.

அதனால் முதல் இரண்டு வாரம் கல்லூரிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுக்குக்குறி விதிகள், பின்னங்களைக் கூட்டிக் கழிப்பது, காரணிப்படுத்துவது, இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது, நேர்க்கோட்டின் சாய்வு, இவற்றை மட்டும் போடுங்கள். சாய்வை விட்டுவிடாதீர்கள், வகைக்கெழு என்பதே வளைகோட்டின் ஒரு புள்ளியில் தொட்டுச் செல்கிற கோட்டின் சாய்வுதான். அப்புறம் பிளஸ் ஒன் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூலை எடுங்கள், மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி, இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் வகை நுண்கணிதம் ஒரு பாடம், அதற்கு அடுத்தது வகையிடலின் பயன்பாடுகள், அந்த இரண்டாவது பாடத்தில் செலவு, வருவாய், தேவை நெகிழ்ச்சி, பெருமம் சிறுமம், பகுதி வகையிடல் எல்லாம் இருக்கிறது. உங்கள் கல்லூரித் தாளில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். தொகையிடல் வரும்போது பிளஸ் டூ புத்தகம். பள்ளிப் புத்தகம்தானே என்று கல்லூரியில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அந்தப் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை விடையை மூடி வைத்துக்கொண்டு போட்டால் உங்கள் வகுப்பில் நீங்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

பஸ்ஸில் கணக்குப் போட முடியாது, பாம்பன் தாண்டுகிற காற்றில் நோட்டுப் பக்கமே நிற்காது. பஸ்ஸில் விதிகளைச் சொல்லிப் பார்ப்பதும், நேற்றுப் போட்ட கணக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதும் போதும். பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி மூன்றும் வாயால் சொல்ல வர வேண்டும். ராத்திரி எழுதிப் பாருங்கள், பேனா பிடிக்காமல் இந்தப் பாடம் வராது.


கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி சொன்னது சரி, ஆனால் இயற்கணிதத்தை மட்டும் இரண்டு வாரம் போட்டால் இந்தப் பிள்ளைக்கு அலுத்துவிடும். கூடவே அர்த்தமும் வர வேண்டும். நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன், காலேஜில் இதைப் படித்தபோது யாரும் எங்களுக்கு ரூபாய் போட்டுக் காட்டவில்லை. ரூபாய் போட்டால் பளிச்சென்று தெரியும்.

அம்மா கருவாடு போடுகிறார் என்றீர்களே, அதையே எடுப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஒரு நாளைக்கு எக்ஸ் கிலோ கருவாடு தயாராக ஆகும் மொத்தச் செலவு 1600 + 60எக்ஸ் + எக்ஸ் ஸ்கொயர் ரூபாய் என்று வையுங்கள். 1600 என்பது இட வாடகை, வலை, பந்தல் மாதிரி ஒரு கிலோ போட்டாலும் நூறு கிலோ போட்டாலும் மாறாத செலவு. 60எக்ஸ் என்பது கிலோவுக்கு ஆகிற மீன், உப்பு. எக்ஸ் ஸ்கொயர் எதற்கு என்று கேட்பீர்கள். காயப்போடுகிற இடம் அவ்வளவுதான், அளவு கூடக் கூட ஆள் வைக்க வேண்டும், தூரமாகப் போய் விரிக்க வேண்டும், மழை தூறினால் அள்ளிக்கொண்டு ஓட ஆள் பத்தாது, கொஞ்சம் வீணாகும், இப்படி ஒவ்வொரு கிலோவும் முந்தைய கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். அந்தக் கூடுதலைத்தான் எக்ஸ் ஸ்கொயர் சொல்கிறது.

இப்போது 40 கிலோவுக்கு மொத்தச் செலவு 5600. 41 கிலோவுக்கு 5741. ஆக 41ஆவது கிலோவுக்கு ஆனது 141 ரூபாய், இது நீங்கள் பள்ளியில் படித்த இறுதிநிலைச் செலவு. வகையிட்டுப் பாருங்கள், 60 + 2எக்ஸ், எக்ஸுக்கு 40 போட்டால் 140. ஒரு ரூபாய் வித்தியாசம் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? ஒரு கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ மட்டும் கூட்டுங்கள். 70 ரூபாய் 25 காசு கூடுகிறது, கிலோ கணக்கில் 140.50. இன்னும் கால் கிலோ, நூறு கிராம் என்று குறைத்துக்கொண்டே போனால் 140ஐ நெருங்கிக்கொண்டே போகும். எக்ஸ் ஸ்கொயரில் எக்ஸைக் கொஞ்சம், ஹெச் அளவு, கூட்டினால் கூடுவது 2எக்ஸ் ஹெச் + ஹெச் ஸ்கொயர். ஹெச்சால் வகுத்தால் 2எக்ஸ் + ஹெச். அந்த ஒட்டிக்கொண்டிருக்கிற ஹெச்தான் மேலே பார்த்த ஒரு ரூபாய், அப்புறம் ஐம்பது காசு. ஹெச் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது 2எக்ஸ் மட்டும் நிற்கிறது. வகுப்பில் எல்லை என்று சொல்லி வேகமாகக் கடந்து போனது இதைத்தான். பள்ளிக்கூட வரையறை ஒரு முழு அலகுக்கானது, கல்லூரி வரையறை மிகச் சிறிய அலகுக்கானது. அளவு பெரிதாக இருக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள்.

ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விடை எழுதியதும் பக்கத்தில் அலகை எழுதுங்கள். மொத்தச் செலவு ரூபாய். வகைக்கெழு ரூபாய் இல்லை, கிலோவுக்கு இத்தனை ரூபாய். அலகை எழுதினால் எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று தானாகப் பிடிபடும்.


தங்கச்சிமடம் பொண்ணு எழுதியது:

காக்கா, அந்த ஒரு ரூபாயைப் பார்த்ததும்தான் எல்லை எதற்கு என்று புரிந்தது, மிக்க நன்றி. அண்ணா சொன்னபடி அடுக்குக்குறி விதிகளும் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதே கணக்கில் சராசரிச் செலவு எடுத்துப் பார்த்தேன். மொத்தத்தை எக்ஸால் வகுத்தால் 1600 பை எக்ஸ் + 60 + எக்ஸ். வகையிட்டுப் பூஜ்ஜியமாக வைத்தால் எக்ஸ் ஸ்கொயர் 1600, எக்ஸ் 40. அங்கே சராசரி 140, இறுதிநிலையும் 140! புத்தகத்திலும் சராசரி குறைவாக இருக்கும் இடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும் என்று படம் போட்டிருக்கிறது, ஏன் அப்படி வர வேண்டும்? அப்புறம், 40 கிலோவில்தான் கிலோவுக்குச் செலவு மிகக் குறைவு என்றால் அம்மா 40 கிலோவோடு நிறுத்திக்கொள்வதுதான் லாபமா? நெகிழ்ச்சியில் வருகிற மைனஸ் குறி எதற்கு என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?


சாயல்குடி பனங்காடு எழுதியது:

இவ்வளவு ஆழம் தேவையில்லை என்பது என் கருத்து. பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார்த்தால் கேள்வி வடிவங்கள் திரும்பத் திரும்பவே வருகின்றன. சூத்திரம் மனப்பாடம், முந்தைய ஆண்டுகளின் கணக்குகள், இவை போதும். முதல் செமஸ்டரில் வேறு தாள்களும் இருக்கின்றன, ஒன்றுக்கே எல்லா நேரத்தையும் கொடுத்துவிட்டால் மற்றவற்றில் அரியர் விழும். எங்கள் வகுப்பில் அப்படி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.


தொண்டி டீச்சர் எழுதியது:

சாயல்குடி தம்பியின் கவலை நியாயமானது, மற்ற தாள்களை விட்டுவிடக் கூடாது, பழைய கேள்வித்தாளும் கட்டாயம் போட வேண்டும். ஆனால் இந்தப் பெண் எம்.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். எம்.ஏ.வில் நுகர்வோர், நிறுவனம், வளர்ச்சி என்று எந்தப் பாடத்தைத் திறந்தாலும் வகையிடல் இருக்கும், அங்கே போய் முதலிலிருந்து தொடங்க நேரம் கிடைக்காது. இப்போது புரிந்து படித்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு உதவும். நான் பொருளியல் நடத்துகிறேன், மூன்று கேள்விக்கும் என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

முதல் கேள்வி. ஐந்து தேர்வில் உன் சராசரி 60 என்று வை. ஆறாவது தேர்வில் 60க்குக் குறைவாக எடுத்தால் சராசரி இறங்கும், அதிகமாக எடுத்தால் ஏறும், சரியாக 60 எடுத்தால் அசையாது. அடுத்ததாக வருவது இறுதிநிலை. இப்போது கருவாட்டுக்கு வா. 30 கிலோவில் இறுதிநிலை 120, சராசரி 143 ரூபாய் 33 காசு, அடுத்து வருவது குறைவு என்பதால் சராசரி இறங்கிக்கொண்டிருக்கிறது. 50 கிலோவில் இறுதிநிலை 160, சராசரி 142, இப்போது ஏறுகிறது. இறங்குவது நின்று ஏறத் தொடங்குகிற இடம்தான் சிறுமம், அந்த இடத்தில் சராசரி அசையாது, அசையாமல் இருக்க வேண்டுமானால் இறுதிநிலை அதற்குச் சமமாக இருந்தாக வேண்டும். வகுத்தல் விதியைச் செலவு பை எக்ஸ் என்பதில் போட்டுப் பார், இதே முடிவு எந்தச் செலவுச் சார்புக்கும் வரும். ஒரு முறை நீயே அதை எழுதி வருவித்துப் பார்த்துவிட்டால் பிறகு எந்தத் தேர்வறையிலும் மறக்காது.

இரண்டாவது கேள்வி உண்மையில் மிக நல்ல கேள்வி, நிறையப் பேர் எம்.ஏ. வரை இதில் குழம்புகிறார்கள். 40 கிலோவோடு நிறுத்தக் கூடாது! சராசரிச் செலவு மிகக் குறைவாக இருக்கும் அளவும் லாபம் மிக அதிகமாக இருக்கும் அளவும் வேறு வேறு. கருவாடு கிலோ 180 ரூபாய்க்குப் போகிறது, அம்மா எவ்வளவு கொண்டுபோனாலும் வியாபாரி அதே விலைதான் தருவார் என்று வை. 41ஆவது கிலோவுக்குச் செலவு 141, கையில் வருவது 180, விடுவோமா? கூடுதல் கிலோவின் செலவு 180ஐத் தொடும்வரை போட்டுக்கொண்டே போகலாம். 60 + 2எக்ஸ் = 180, எக்ஸ் 60. சரிபார்த்துவிடு, 40 கிலோவில் லாபம் 1600, 50 கிலோவில் 1900, 60 கிலோவில் 2000, 70 கிலோவுக்குப் போனால் மறுபடி 1900. லாபச் சார்பை இரண்டாம் முறை வகையிட்டால் மைனஸ் 2 வரும், குறை எண் என்பதால் அது பெருமம். இந்த இரண்டாம் வகையிடல் சோதனையை எழுதாமல் விட்டால் மதிப்பெண் போகும், அதைக் கட்டாயம் எழுது. சந்தை விலை 140க்கு இறங்கினால் 40 கிலோவே சரியான அளவு, அப்போது லாபம் பூஜ்ஜியம். அதற்கும் கீழே போனால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி, 1600 ரூபாய் ஏற்கெனவே செலவாகிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதையும் நீயே யோசித்துப் பார்.

மூன்றாவது, நெகிழ்ச்சி. விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் அது, தேவைச் சார்பின் வகைக்கெழுவை விலையால் பெருக்கி அளவால் வகுத்தால் வரும். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும், அதனால் தேவைச் சார்பின் வகைக்கெழு குறை எண்ணாக வருகிறது. நெகிழ்ச்சியை நேர் எண்ணாகச் சொல்வது வழக்கம் என்பதால் முன்னால் ஒரு மைனஸ் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். சில புத்தகங்களில் போட மாட்டார்கள், உங்கள் பாடநூல் எந்த வழக்கம் என்று பார்த்துக்கொள். ஆனால் குறியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, சாய்வு வேறு நெகிழ்ச்சி வேறு. தேவை 240 மைனஸ் விலை என்று வைத்துக்கொண்டால் சாய்வு எங்கேயும் மைனஸ் ஒன்றுதான். ஆனால் விலை 60இல் அளவு 180, நெகிழ்ச்சி மூன்றில் ஒன்று. விலை 120இல் அளவும் 120, நெகிழ்ச்சி ஒன்று. விலை 180இல் அளவு 60, நெகிழ்ச்சி மூன்று. ஒரே நேர்க்கோட்டில் மூன்று வேறு விடை. மொத்த வருவாயைப் பெருக்கிப் பார், 10800, 14400, மறுபடி 10800. நெகிழ்ச்சி ஒன்றாக இருக்கும் இடத்தில் வருவாய் உச்சம். 1838ஆம் ஆண்டிலேயே கூர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் செலவே இல்லாமல் ஊறும் கனிமநீர் ஊற்று ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன விலை வைப்பார் என்று வகையிடலைக் கொண்டு கணக்குப் போட்டார், அவருக்கு வந்ததும் இதே நிபந்தனைதான். நெகிழ்ச்சி என்ற கருத்துக்குப் பெயர் வைத்து இன்றைய வடிவம் கொடுத்தவர் ஆல்ஃபிரட் மார்ஷல், அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டுப் பொருளியலுக்கு வந்தவர். கணிதம் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்ற எண்ணம் உங்கள் வகுப்பில் யாருக்காவது இருந்தால் இதைச் சொல்.


உச்சிப்புளி ரயிலடி எழுதியது:

டீச்சர், ஒரு சந்தேகம், என் மாணவர்களும் கேட்கிறார்கள். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறுகிறது, வாங்குவது குறைகிறது. தடைக்கு முன் ஒரு விலையும் அளவும், தடையில் ஒரு விலையும் அளவும் எடுத்து நெகிழ்ச்சி கணக்கிட்டால் அது சரியாக இருக்குமா?


தொண்டி டீச்சர் எழுதியது:

நல்ல யோசனை தம்பி. தடையால் மாறுவது அளிப்பு, வாங்குகிறவர்களின் விருப்பம் பெரிதாக மாறுவதில்லை. அளிப்புக் கோடு மட்டும் நகரும்போது நமக்குக் கிடைக்கும் புள்ளிகள் தேவைக் கோட்டின் மேலேயே இருக்கும், அதனால் நெகிழ்ச்சியை அளக்க இது உகந்த தருணம். இரண்டு எச்சரிக்கை மட்டும். தடையில் நாட்டுப்படகு மீன் வருகிறது, மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் மே மாதத்தில் அந்தப் பக்க மீனும் இங்கே வர வழி உண்டு, ஆகவே விற்ற அளவை நம் துறையில் இறங்கியதை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. அடுத்தது, அந்த இரண்டு மாதத்தில் மீனவர் வீடுகளில் வருமானமும் குறைகிறது, கரையோரச் சந்தையில் தேவையே கொஞ்சம் நகர்ந்துவிடும். ராமநாதபுரம், பரமக்குடி மாதிரி உள்ளூர் வருமானம் கடலைச் சாராத சந்தையில் எடுத்தால் இன்னும் சுத்தமான விடை வரும். இரண்டு புள்ளிகளும் தூரமாக இருப்பதால் புள்ளி நெகிழ்ச்சி சூத்திரத்துக்குப் பதில் இரண்டு விலையின் சராசரி, இரண்டு அளவின் சராசரி வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.


தங்கச்சிமடம் பொண்ணு எழுதியது:

டீச்சர், வகுத்தல் விதியில் போட்டுப் பார்த்துவிட்டேன். மேலே எக்ஸ் பெருக்கல் இறுதிநிலைச் செலவு மைனஸ் மொத்தச் செலவு, கீழே எக்ஸ் ஸ்கொயர். பூஜ்ஜியமாக வைத்தால் இறுதிநிலைச் செலவு சமம் மொத்தச் செலவு பை எக்ஸ், அதாவது சராசரி! எந்தச் சார்பையும் போடாமலே வந்துவிட்டது, வகுப்பில் இதை நானே எழுதிக் காட்டப் போகிறேன். லாபக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன், அவர் ஒரே வார்த்தையில், எவ்வளவு கொண்டுபோனாலும் அதே விலைக்கு எந்த வியாபாரி எடுப்பான் என்று கேட்டார். அதிகம் கொண்டுபோனால் விலை குறைக்கிறார்களாம். அப்போது 180 என்று நிலையாக வைக்க முடியாதே, என்ன செய்வது?


கீழக்கரை காக்கா எழுதியது:

அம்மா கேட்டது அடுத்த பாடம். விலையும் எக்ஸைப் பொறுத்து மாறுகிறது, உதாரணத்துக்கு 220 மைனஸ் எக்ஸ் என்று வையுங்கள். வருவாய் 220எக்ஸ் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர், இறுதிநிலை வருவாய் 220 மைனஸ் 2எக்ஸ், அதை 60 + 2எக்ஸுக்குச் சமமாக வையுங்கள். விடை எத்தனை கிலோ, அப்போது விலை எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று போட்டு இங்கே எழுதுங்கள் பிள்ளை, சரிபார்த்துச் சொல்கிறேன்.


தங்கச்சிமடம் பொண்ணு எழுதியது:

4எக்ஸ் = 160, எக்ஸ் 40 கிலோ. விலை கிலோவுக்கு 180 ரூபாய். வருவாய் 7200, செலவு 5600, லாபம் 1600 ரூபாய். இரண்டாம் வகைக்கெழு மைனஸ் 4, அதனால் பெருமம். விலை 180தான் வருகிறது, ஆனால் 60 கிலோ போடாமல் 40 கிலோவோடு நிறுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 41ஆவது கிலோவை விற்கப் போனால் முந்தைய 40 கிலோவுக்கும் விலை இறங்குகிறது. சரியா காக்கா?


கீழக்கரை காக்கா எழுதியது:

நூற்றுக்கு நூறு. ஆனால் 40 வந்ததை வைத்து சராசரிச் செலவின் சிறுமமும் லாபத்தின் பெருமமும் எப்போதும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் வைத்த எண்ணால் இங்கே அப்படி அமைந்துவிட்டது. 220க்குப் பதில் 260 வைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், 50 வரும்.